பரோலோ குறிப்புகள்: துவர்ப்பு அடங்க எத்தனை வருஷம்?

இத்தாலிக்கு ஒயின் ருசி பார்க்கப் போறேன்னு சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதுல அப்படி என்னய்யா வித்தியாசம் தெரிஞ்சிடப் போகுது? எல்லாம் புளிச்ச திராட்சைச் சாறுதானே?" நியாயமான கேள்விதான். போய் வந்த பிறகும் அதை என்னால் முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே திராட்சையில் செய்த இரண்டு ஒயின்களுக்கு நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, அல்லது லேபிளைப் படித்துவிட்டு நாமே கற்பனை செய்துகொள்கிறோமா? இந்தக் கேள்வியோடுதான் போனேன். திரும்பி வரும்போது கையில் வேறொரு கேள்வி இருந்தது. அது சுவையைப் பற்றியது இல்லை, காலத்தைப் பற்றியது.

எங்கே போனேன்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே இருப்பது பியமோன்டே மாநிலம். அதன் தலைநகர் தூரினிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஆல்பா என்கிற சிறு நகரம். ஆல்பாவைச் சுற்றி அலை அலையாக எழும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஒரு ஊர், ஊருக்கு ஒரு கோபுரம், சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி. 2014-ல் யுனெஸ்கோ இந்தக் கொடித்தோட்ட நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நான் போனது நவம்பர் முதல் வாரம். அறுவடை முடிந்து, தோட்டக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிற சமயம். இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன. காலையில் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், அதற்கு மேலே குன்று உச்சிகள் மட்டும் தீவு மாதிரி மிதந்துகொண்டிருக்கும். இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு நெப்யா என்று பெயர். இந்த ஊர்களின் முக்கியத் திராட்சையின் பெயர் நெபியோலோ. அக்டோபரில் பனிமூட்டம் வரும்வரை கொடியிலேயே இருக்கிற திராட்சை என்பதால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம். பழத்தின் தோலில் படிந்திருக்கும் வெண்சாம்பல் பூச்சுதான் காரணம் என்று இன்னொரு விளக்கமும் சொல்றாங்க.

லேபிளில் இருப்பது ஊர்ப்பெயர்

ஆஸ்திரேலிய ஒயினோ கலிஃபோர்னிய ஒயினோ வாங்கினால் லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். இத்தாலியில் பல ஒயின்களுக்கு ஊர்ப்பெயர்தான் பெயர். பரோலோ என்பது ஒரு கிராமம். பார்பரெஸ்கோ இன்னொரு கிராமம். இரண்டுக்கும் திராட்சை ஒன்றேதான், நூறு சதவீதம் நெபியோலோ. லேபிளில் அதன் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம்ம ஊர் புவிசார் குறியீடு மாதிரிதான் இது, ஆனால் இன்னும் கறாரானது. பரோலோ என்று எழுதவேண்டுமென்றால் குறிப்பிட்ட 11 ஊர்களின் எல்லைக்குள், சட்டம் அனுமதித்த சரிவில் விளைந்த பழமாக இருக்கவேண்டும். அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். 'ரிசெர்வா' என்று எழுத 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், அதில் 9 மாதம் மரத்தில். பாட்டிலில் அடைப்பதற்கு முன் ஆய்வகச் சோதனை, அதன்பின் ஒரு குழு ருசி பார்த்து ஒப்புதல். கடைசியாக, பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரை நாடா.

இந்த மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கும் மேலே ஒரு பொருளை விற்காமல் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. ஏன்? பதில் நாக்கில் இருக்கிறது.

நமக்கு இதற்கு ஒரு சொல் இருக்கு

முதல் நாள், முதல் கிளாஸ். நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். நெபியோலோ அடர்சிவப்பு இல்லை. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். ஓரத்தில் லேசான செங்கல் நிறம். முகர்ந்தால் பன்னீர் ரோஜா, அதற்குப் பின்னால் புதிதாகப் போட்ட ரோட்டின் தார் வாசனை. 'தாரும் ரோஜாவும்' என்பது நெபியோலோவைப் பற்றி எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வர்ணனை. ஆனாலும் முகர்ந்தபோது அதுதான் வந்தது. படித்ததனால் வந்ததா, நிஜமாகவே வந்ததா என்பது பிறகு வரும் விஷயம்.

இவ்வளவு மெல்லிய நிறம், அதனால் சாதுவாக இருக்கும் என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். கன்னத்தின் உட்புறம் இரண்டும் இழுத்துக்கொண்டன. பழுக்காத வாழைக்காயைக் கடித்த மாதிரி, வெறும் பாக்கை மென்ற மாதிரி, நாக்கில் துணி விரித்த மாதிரி ஒரு வறட்சி.

பக்கத்தில் நின்ற ஓர் ஆங்கிலேயத் தம்பதி இதைச் சொல்லச் சொல் தேடித் தவித்தார்கள். ஆங்கிலத்தில் இதற்கு அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல் கிடையாது, இருப்பது புத்தகச் சொல். நமக்கோ அறுசுவையில் ஒன்றாகவே இது இருக்கிறது: துவர்ப்பு. நாவல்பழம், வாழைப்பூ, மாதுளைத் தோல், அதிக நேரம் கொதித்த கட்டஞ்சாயா என்று சின்ன வயதிலிருந்தே பழகிய சுவை. ஒயின் ருசிக்க வரும் தமிழர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் பாடமே தேவையில்லை.

துவர்ப்பு நடக்கிற விதம் சுவாரஸ்யமானது. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் டானின் என்கிற சேர்மங்கள் இருக்கின்றன. நம் எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய், நாக்கும் கன்னமும் உரசுகிற உணர்வு வருகிறது. இனிப்பு, புளிப்பு மாதிரி துவர்ப்பு சுவை மொட்டுகளில் மட்டும் நடப்பதில்லை, அதில் தொடு உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதனால்தான் கூடவே ஒரு துண்டு பாலாடைக்கட்டியை நீட்டுகிறார்கள். இங்கே தோமா என்று ஒரு நாட்டுப் பாலாடைக்கட்டி. அதைத் தின்றுவிட்டு மறுபடி குடித்தால் துவர்ப்பு பாதியாகக் குறைந்திருக்கும். டானின் பிடித்துக்கொள்ள எச்சில் புரதத்துக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டியின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடுகிறது. வெண்ணெயில் புரட்டிய 'தாயரின்' என்கிற முட்டைமஞ்சள் நூல்பாஸ்தா, இறைச்சிக் குழம்பு என்று இந்த ஊர்ச் சாப்பாடு முழுக்கக் கொழுப்பாக இருப்பதற்கும் இந்த ஒயினுக்கும் பொருத்தம் இருக்கு.

இன்னொரு வழி, காத்திருப்பது. வருஷங்கள் போகப் போக டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் பிணைந்து உருமாறுகின்றன. துவர்ப்பின் கூர்மை மழுங்கும். அன்று மாலை ஒரு பதினைந்து வருஷத்து பரோலோ ஒரு வாய் கிடைத்தது. அதே திராட்சை என்று சொன்னால்தான் தெரியும். துவர்ப்பு இருந்தது, ஆனால் பழகிய துவர்ப்பு. சட்டம் சொல்லும் 38 மாதத்துக்குக் காரணம் இதுதான்.

இந்தக் குன்றுகளில் நெபியோலோ மட்டும் இல்லை. டோல்செட்டோ என்றால் 'சின்ன இனிப்பு' என்று பொருள், ஆனால் ஒயினில் இனிப்பு கிடையாது, தினசரி மேசைக்கான சிவப்பு ஒயின். பார்பெராவில் துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம். தானரோ ஆற்றின் அந்தப் பக்கம் ரோயெரோ குன்றுகளில் விளையும் வெள்ளைத் திராட்சை ஆர்னெய்ஸ், கிட்டத்தட்ட அழிந்தே போயிருக்கவேண்டியது, 1970-களில் மீட்டெடுத்தார்கள். இவையெல்லாம் அடுத்த வருஷமே குடிக்கலாம். அதாவது அடுத்த வருஷமே காசாக்கலாம். இது முக்கியம்.

நாக்கை நம்பலாமா?

பரோலோ பகுதியைப் பற்றி எல்லாப் புத்தகமும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. மேற்கே லா மோர்ரா, பரோலோ ஊர்கள்: மண் இளையது, நீலச்சாம்பல் சுண்ணக்களிமண், ஒயின் மணமாகவும் மென்மையாகவும் இருக்கும். கிழக்கே செர்ரலுங்கா, மோன்ஃபோர்த்தே: மண் பழையது, மணற்கல் அடுக்குகள் அதிகம், ஒயின் இறுக்கமாக, துவர்ப்பு கூடுதலாக, நீண்ட காலம் தாங்கும். லா மோர்ராவிலிருந்து செர்ரலுங்காவுக்கு காரில் இருபது நிமிஷம்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. ஆல்பாவில் கிளாஸ் கணக்கில் ஒயின் விற்கும் ஒரு சின்னக் கடை. கடைக்காரரிடம், பெயர் சொல்லாமல் மூன்று கிளாஸ் ஊற்றச் சொன்னேன்: ஒரு பார்பரெஸ்கோ, ஒரு லா மோர்ரா, ஒரு செர்ரலுங்கா. எது எது என்று நான் சொல்லவேண்டும். முதல் நாள் ஒன்றுதான் சரி. லா மோர்ராவையும் பார்பரெஸ்கோவையும் மாற்றிவிட்டேன். மூன்றாம் நாள் அதே கடையில், அதே விளையாட்டு, வேறு பாட்டில்கள். மூன்றும் சரி! கடைக்காரர் கைதட்டினார். ஹோட்டல் அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிளாஸை மூன்று பெயரோடு கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினாலே ஆறில் ஒரு முறை எல்லாம் சரியாக வரும். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் செய்த ஆய்வு ஒன்று பிரபலம். 2001-ல் வெளியானது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் முந்திக்கொண்டு மூக்குக்கு உத்தரவு போட்டுவிட்டது. என்னுடைய 'தாரும் ரோஜாவும்' இந்த ரகமாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கு.

அப்படியென்றால் ஊர்ப்பெயர் எல்லாம் பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. மண்ணில் இருக்கும் கல்லும் சுண்ணாம்பும் அப்படியே வேர் வழியாக ஏறி ஒயினில் ருசியாக இறங்குகிறது என்பதைப் புவியியலாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் மண் வேறு வழியில் வேலை செய்கிறது. தண்ணீரை எவ்வளவு பிடித்துவைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் வடியவிடுகிறது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் சேர்ந்து பழம் எப்போது, எப்படிப் பழுக்கிறது என்பதைத் தீர்மானிக்கும். நெபியோலோ வசந்தத்தில் சீக்கிரம் துளிர்த்து, இலையுதிர்காலத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பழுக்கும் பிடிவாதக்காரத் திராட்சை. சரிவின் திசை கொஞ்சம் மாறினாலும் அதற்குத் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் பனி முதலில் எங்கே உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்று இந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்களாம். தெற்கு பார்த்த நல்ல சரிவுக்கு உள்ளூர்ப் பேச்சில் 'சோரி' என்றே ஒரு தனிச் சொல் உண்டு.

இதற்கு நான் பார்த்த நல்ல சான்று பார்பரெஸ்கோ ஊரில் இருக்கிறது. 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' என்கிற கூட்டுறவுச் சங்கம், நல்ல விளைச்சல் வருஷங்களில் ஒன்பது தனித்தனிச் சரிவுகளின் பழத்தைக் கலக்காமல், ஒரே முறையில், ஒரே நிலவறையில் ஒயினாக்கி ஒன்பது பாட்டில்களாக வெளியிடுகிறது. செய்கிற கை ஒன்று, திராட்சை ஒன்று, வருஷம் ஒன்று. மாறுவது இடம் மட்டும். அதில் மூன்றை வரிசையாக வைத்து ருசித்தேன். எது எந்தச் சரிவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் மூன்றும் ஒன்றில்லை என்று சொல்ல முடியும். துவர்ப்பு ஒன்றில் முன்னாலேயே வந்தது, இன்னொன்றில் விழுங்கிய பிறகு வந்தது. நண்பருக்கு என் பதில் இதுதான்: வித்தியாசம் இருக்கு, ஆனால் பெயரைச் சொல்லும் அளவுக்கு என் நாக்கு தேறவில்லை. மீதிக்கு லேபிளைத்தான் நம்பவேண்டியிருக்கு.

லேபிளை எதை வைத்து நம்புவது என்று கேட்டால், அது சுவையிலிருந்து வரலாற்றுக்குப் போகிறது.

காத்திருக்க யாரால் முடிந்தது?

இன்று லாங்கே குன்றுகளில் நல்ல கார்கள், கண்ணாடி போட்ட ருசிக் கூடங்கள், ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் பணக்காரர்கள். எழுபது வருஷத்துக்கு முன் இது பஞ்சம் பிழைக்க ஓடின ஊர். ஆல்பாவில் பிறந்த எழுத்தாளர் பெப்பே ஃபெனோலியோ, ஒயின் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1954-ல் வெளியான அவருடைய 'லா மலோரா' லாங்கே விவசாயக் குடும்பங்களின் வறுமையைச் சொல்லும் கதை. நூத்தோ ரெவெல்லி என்பவர் இதே கூனேயோ மாவட்டத்துக் கிராமங்களில் வயதான விவசாயிகளின் வாய்மொழியைப் பதிவு செய்து 1977-ல் 'தோற்றவர்களின் உலகம்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். இளைஞர்கள் தூரின் கார் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். ஆல்பாவிலேயே ஃபெர்ரேரோ சாக்லேட் ஆலை வந்தபோது, சுற்றுக் கிராமங்களுக்குப் பேருந்து விட்டு ஆட்களை வேலைக்கு அழைத்துவந்து சாயங்காலம் திரும்பக் கொண்டுவிட்டது. பலர் நிலத்தை விடாமல் இருந்ததற்கு அந்தப் பேருந்தும் ஒரு காரணம்.

பரோலோ மாதிரி ஒரு ஒயின் விளையும் இடத்தில் ஏன் வறுமை? துவர்ப்புதான் காரணம் என்று சொன்னால் பாதி உண்மை. நெபியோலோவைக் காசாக்க மூன்று நாலு வருஷம் வேண்டும். நிலவறை வேண்டும், பெரிய பீப்பாய்கள் வேண்டும், அதுவரை அடுப்பெரிய வேறு வருமானம் வேண்டும். சின்ன விவசாயியிடம் இது எதுவும் இல்லை. பறித்த பழம் இரண்டு நாளில் கெட ஆரம்பிக்கும். வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆல்பா சந்தைக்குப் போய் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். சாயங்காலம் ஆக ஆக விலை இறங்கும். தக்காளியும் கத்திரிக்காயும் விளைவிக்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை. துவர்ப்பு அடங்கும்வரை காத்திருந்து லாபம் பார்த்தது நிலவறை வைத்திருந்தவர்.

இதை முதலில் உடைக்கப் பார்த்தவர் தொமீசியோ கவாத்சா. ஆல்பா ஒயின் கல்லூரியின் முதல்வர், பார்பரெஸ்கோவில் நிலம் வைத்திருந்தவர். 1894-ல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து அங்கே கூட்டுறவு நிலவறை ஒன்றைத் தொடங்கினார். பார்பரெஸ்கோ என்கிற பெயர் தனி ஒயினாக நிலைத்தது அதிலிருந்துதான். அவர் 1913-ல் இறந்தார், சங்கம் 1920-களில் பாசிச ஆட்சிக் காலத்தில் மூடப்பட்டது. பிறகு 1958-ல் ஊர்ப் பாதிரியார், 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார். முதல் சில வருஷங்கள் ஒயின் தயாரானது தேவாலயத்தின் அடித்தளத்தில்! நான் மேலே சொன்ன ப்ரொதுத்தோரி சங்கம் அதுதான். இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் உறுப்பினர்கள். தனி ஆளால் முடியாத காத்திருப்பைப் பத்தொன்பது பேர் சேர்ந்து செய்தார்கள்.

1983: ஒரு மோட்டார் ரம்பம்

காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது, துவர்ப்பையே குறைப்பது. லா மோர்ராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே 1970-களில் பிரான்சின் பர்கண்டிக்குப் போய்ப் பார்த்தார். அங்கே விவசாயிகள் தங்கள் பெயரிலேயே பாட்டில் விற்று வசதியாக இருந்தார்கள். ஊர் திரும்பி, 1983-ல் அப்பாவின் பழைய பெரும் பீப்பாய்களை மோட்டார் ரம்பத்தால் அறுத்துப் போட்டார். அப்பா மகனுக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்துவிட்டார்.

அல்தாரேயும் நண்பர்களும் செய்ததை சுருக்கமாகச் சொன்னால் இது: முன்பு சாறும் தோலும் ஒரு மாதம், சிலசமயம் அதற்கு மேலும் சேர்ந்து கிடக்கும். அதைச் சில நாட்களாகக் குறைத்தார்கள், டானின் குறைவாக இறங்கும். பல ஆயிரம் லிட்டர் பீப்பாய்க்குப் பதில் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய் வந்தது, வெனிலா வாசனை ஏறும், சீக்கிரம் பதமாகும். கோடையில் கொடியிலிருந்து பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போட்டார்கள், மீதி நன்றாகப் பழுக்கட்டும் என்று. பட்டினி பார்த்த தலைமுறைக்கு, விளைந்த பழத்தை மண்ணில் வெட்டிப் போடுவது பாவமாகத் தெரிந்தது.

எதிர்முகாமில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ. பழைய முறையை விடமாட்டேன் என்று நின்றவர். சிறு பீப்பாயும் வேண்டாம், அன்றைய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று கையால் லேபிள் வரைந்து ஒட்டினார். இந்தச் சண்டையை 'பரோலோ போர்' என்றே சொல்றாங்க. இப்போது சண்டை தணிந்துவிட்டது, நான் போன இடங்களில் பெரும்பாலும் பெரிய பீப்பாயே திரும்பி வந்திருந்தது. ஆனால் ரம்பக்காரர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விவசாயியின் பெயர் லேபிளில் வரவேண்டும் என்பதில் இரண்டு முகாமும் ஒன்றுதான்.

1986: 23 பேர்

விவசாயியின் பெயர் லேபிளில் வருவது வெறும் பெருமை சமாச்சாரம் இல்லை என்பதை 1986 காட்டியது. அந்த வருஷம் மார்ச் மாதத்தில் இத்தாலியில் மலிவு ஒயின் குடித்தவர்கள் இறக்க ஆரம்பித்தார்கள். 23 பேர் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. சத்தில்லாத ஒயினின் போதையைக் கூட்டிக்காட்ட மெத்தனால் கலந்திருந்தார்கள். நமக்கு விஷச்சாராயச் சாவுகளால் நன்றாகத் தெரிந்த அதே மெத்தனால். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும்.

கலப்படம் நடந்த இடம் நர்சோலே. பரோலோ எல்லையை ஒட்டிய ஊர். கலந்தது பரோலோவில் இல்லை, பெயர் தெரியாத மொத்தவிலை மேசை ஒயினில். ஆனால் வெளிநாட்டில் வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஏற்றுமதி சரிந்தது, இத்தாலிய ஒயின் என்றாலே ஒதுக்கினார்கள். எங்கிருந்தோ வாங்கி, எங்கேயோ கலந்து, யார் என்றே தெரியாமல் விற்கும் ஏற்பாடுதான் அந்தச் சாவுகளுக்கு இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு ஊர்ப்பெயர் சட்டங்கள் 1992-ல் புதிதாக எழுதப்பட்டன. மொத்த விற்பனையை விட்டுத் தன் பெயரில் பாட்டில் போடும் சின்னக் குடும்பங்கள் பெருகின.

நான் போன ஒரு சின்ன நிலவறையில், ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா ருசி காட்டினார். நாலு ஹெக்டேர் நிலம், அவரும் மகனும்தான். 1986 பற்றிக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எங்கப்பா அடுத்த வருஷம்தான் எங்க வீட்டுப் பேரை லேபிள்ல போட்டார். பெருமைக்கு இல்லைங்க. தப்பு நடந்தா எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு ஜனங்களுக்குத் தெரியணும்னார்" என்றார்.

என் மூன்று கிளாஸ் சோதனைக்கு இதுதான் பதில் என்று அப்போது தோன்றியது. நாக்கால் கண்டுபிடிக்க முடியாததைப் பெயர் ஏற்கிறது. மெத்தனாலை எந்த நாக்கும் கண்டுபிடிக்காது.

இப்போது

அந்த அம்மாவின் இன்றைய கவலை வேறு. பரோலோவில் நல்ல சரிவு ஒரு ஹெக்டேர் இன்று பத்து லட்சம் யூரோவை எளிதாகத் தாண்டுகிறது. அவருடைய தங்கை மிலானில் இருக்கிறார், பங்கைப் பிரித்துக் கேட்கிறார். தங்கைக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை ஒயின் விற்றுச் சம்பாதிக்க ஒரு தலைமுறை ஆகும். வெளியிலிருந்து வரும் பெரும் முதலாளி நாளைக்கே காசோலை எழுதத் தயார். ஒரு காலத்தில் காத்திருக்க முடியாமல் பழத்தை விற்றார்கள். இப்போது காத்திருக்க முடியாமல் நிலத்தையே விற்கும் நிலை.

வானிலையும் மாறுகிறது. அக்டோபர் நடுவிலும் கடைசியிலும் நடந்த அறுவடை இப்போது பல வருஷங்களில் முன்னாலேயே வந்துவிடுகிறது. வெயில் போதாது என்று முன்பு ஒதுக்கிய சரிவுகளை இப்போது தேடுகிறார்கள். பனி முதலில் உருகும் இடத்தில் நடு என்கிற பெரியவர்கள் பேச்சு இன்னும் எத்தனை காலம் செல்லும் என்று தெரியவில்லை என்றார் மகன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

- சின்ன நிலவறைகளுக்குச் சொல்லாமல் போகாதீர்கள். அது அவர்கள் வீடு. நாலைந்து நாள் முன்னால் மின்னஞ்சல் போடுங்கள். அறுவடைச் சமயத்தில் தொந்தரவு செய்யவேண்டாம்.
- துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். நாளைக்குப் பத்துப் பதினைந்து ஒயின் ருசிக்கும்போது விழுங்கினால் நாலாவதோடு மூளை நின்றுவிடும்.
- இத்தாலியில் ஓட்டுநர் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். மலைப்பாதை, பனிமூட்டம் வேறு. ஓட்டுகிறவர் துப்பியே ஆகவேண்டும்.
- ருசிக்கும் வரிசை: வெள்ளை, டோல்செட்டோ, பார்பெரா, கடைசியில் நெபியோலோ. முதலிலேயே பரோலோ குடித்தால் துவர்ப்பில் மற்றது எதுவும் தெரியாது.
- நேரமில்லாதவர்கள் பார்பரெஸ்கோவில் பழைய தேவாலயத்துக்குள் இருக்கும் மாவட்ட ஒயின் கூடத்துக்குப் போகலாம். பல வீட்டு ஒயின்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.
- ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். ருசி காட்டுவது அவர்களுக்கு அரை நாள் வேலை.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். இரண்டு பாட்டில் கொண்டுவந்தேன். டோல்செட்டோவை வந்த வாரமே நண்பர்களோடு திறந்தாயிற்று. கேள்வி கேட்ட நண்பரும் வந்திருந்தார், நாவல்பழம் மாதிரி இருக்கு, பரவாயில்லை என்றார். இன்னொன்று அந்த அம்மாவின் பரோலோ. "பத்து வருஷம் கழிச்சுத் திறங்க" என்று சொல்லிக் கொடுத்தார். நம்ம ஊர் வெயிலில் எந்த அறையில் பத்து வருஷம் வைப்பது? இப்போதைக்குக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. நிலவறை இல்லாதவன் படும் பாடு என்ன என்று தினமும் கதவைத் திறக்கும்போது ஞாபகம் வருது.